திருச்சி 'பீட் போலீஸ்': கோவை குண்டுவெடிப்புக்குப் பிறகு என்ன மாறியது?

1998 பிப்ரவரி 14. கோவை தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் பலி. அடுத்து எந்த ஊரோ என்ற பயம் அடங்காத நேரம். 1999-ல் டெல்டாவின் தலைவாசலான திருச்சிக்கு போலீஸ் கமிஷனராக வந்தார் ஜே.கே.திரிபாதி.

அவர் செய்தது சிம்பிள்தான். மாநகரை பீட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அதே காவலர்களையே தொடர்ந்து நிறுத்தினார். ஸ்டேஷன் படியேறத் தயங்குபவர்களுக்குப் புகார்ப் பெட்டி வைக்கப்பட்டது. குடிசைப் பகுதிகளை போலீஸ் தத்தெடுத்தது.

இதனால் என்ன லாபம்? பையன் ரவுடி கும்பலோடோ மதவெறிக் கூட்டத்தோடோ சுற்றுவது முதலில் வீட்டுக்கும் தெருவுக்கும்தான் தெரியும். பழகிய முகம் என்றால்தான் பெத்தவங்க வாய் திறப்பாங்க.

பொதுமக்களையே போலீஸோடு சேர்த்த 'ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' வேறு கதை. 1993-ல் ராமநாதபுரத்தில் தொடங்கிய அந்த அமைப்பை, சாத்தான்குளம் தந்தை, மகன் மரணத்துக்குப் பிறகு 2020 ஜூலையில் தமிழக அரசு தடை செய்தது.