லான் சேனி: ஊமைப்படங்களின் ஆயிரம் முகங்கள்

லான் சேனி 1883 ஏப்ரல் 1 அன்று அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் லியோனிடஸ். தந்தை பிராங்க் சேனி முடிதிருத்துபவர். தாய் எம்மா கென்னடி. இருவருக்குமே காது கேட்காது. கொலராடோவில் காது கேளாதோருக்கான பள்ளியை 1874இல் தொடங்கிய ஜொனாத்தன் கென்னடி, எம்மாவின் தந்தை. எனவே சேனி பேசக் கற்பதற்கு முன்பே கைகளாலும் முகத்தாலும் பேசக் கற்றுக்கொண்டார். பத்து வயதை ஒட்டி, தாய் கடுமையான மூட்டுவாதத்தால் படுக்கையில் விழுந்தார். நான்காம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுச் சிறுவன் அவருக்குத் துணையாக வீட்டில் இருந்தான். தெருவில் யார் யாரைப் பார்த்தான், யார் எப்படி நடந்தார்கள், எதற்குச் சண்டை போட்டார்கள் என்பதையெல்லாம் ஒரு சொல் இல்லாமல் தாயின் கட்டில் முன் நடித்துக் காட்டுவான். பிற்காலத்தில் உலகம் வியந்த நடிப்புக்கு முதல் பார்வையாளர் அந்தத் தாய்தான். ஒலியே இல்லாத திரையில் ஒலியை எதிர்பார்க்காத நடிகர் ஒருவர் வந்து சேர்ந்ததை வெறும் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது.

இளமையில் பைக்ஸ் பீக் மலைக்கு வரும் பயணிகளுக்கு வழிகாட்டினார், தரைவிரிப்பு போட்டார், சுவருக்குக் காகிதம் ஒட்டினார். ஊர் நாடக அரங்கில் மேடைப் பொருள்களை எடுத்து வைக்கும் பையனாகவும் இருந்தார். 1902 முதல் மேடையேறி, ஊர் ஊராகப் போகும் இசை நாடகக் குழுக்களில் பல ஆண்டுகள் அலைந்தார். அந்தக் குழுக்களில் நடிகர் என்று தனியாக யாரும் கிடையாது. நடிப்பவரே ஆடவேண்டும், நகைச்சுவை செய்யவேண்டும், திரை தூக்கவேண்டும், கணக்கும் பார்க்கவேண்டும். 1905இல் கிளீவா கிரெய்ட்டன் என்ற இளம் பாடகியை மணந்தார். மறு ஆண்டு கிரெய்ட்டன் என்ற மகன் பிறந்தான். மணவாழ்க்கை நிலைக்கவில்லை. 1913இல் லாஸ் ஏஞ்சலிஸ் நாடக அரங்கு ஒன்றில் கிளீவா நஞ்சு அருந்தினார். உயிர் தப்பியது, பாடும் குரல் போயிற்று. அந்தச் செய்தி பரவியபின் சேனிக்கு மேடையில் இடம் இல்லாமல் போனது. அவரைத் திரைப்படத்துக்குத் தள்ளியது லட்சியம் அல்ல, பிழைப்புதான். 1914இல் மணமுறிவு ஏற்பட்டது. அடுத்த ஆண்டு, முன்பு நாடகக் குழுவில் இருந்த ஹேஸல் ஹேஸ்டிங்ஸை மணந்தார்; அந்த உறவு கடைசிவரை நீடித்தது.

அவர் சேர்ந்த யுனிவர்சல் நிறுவனத்தின் படப்பிடிப்புத் தளத்தில் அன்று நிலவிய வேலைமுறையைத் தெரிந்துகொண்டால்தான் சேனியின் வளர்ச்சி புரியும். ஒரு சுருள், இரண்டு சுருள் நீளமுள்ள குறும்படங்கள் வாரந்தோறும் வெளிவந்தன. காலையில் துணை இயக்குநர் ஒருவர் வந்து, இன்று ஒரு மாலுமி வேண்டும், ஒரு கிழவன் வேண்டும், ஒரு கொள்ளைக்காரன் வேண்டும் என்று கூவுவார். யாரால் அந்த உருவத்தோடு நிற்க முடிகிறதோ அவருக்குக் கூலி. ஒப்பனைக்கென்று தனிப் பிரிவு பெரும்பாலான நிறுவனங்களில் அப்போது இல்லை. நடிகரே தன் பெட்டியைத் திறந்து தன் முகத்தை ஆக்கிக்கொள்ள வேண்டும். சேனி எந்த வேடத்தைக் கேட்டாலும் நிமிடங்களில் அந்த ஆளாக வந்து நின்றார். 1913இலிருந்து 1917வரை இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் தோன்றினார். 1915இல் சில குறும்படங்களை இயக்கவும் செய்தார். வாரம் 125 டாலர் சம்பளம் கேட்டபோது, நூறு டாலருக்கு மேல் நீ ஒருபோதும் பெறமாட்டாய் என்று நிறுவன மேலாளர் மறுத்ததாகச் சொல்வார்கள். சேனி வெளியேறினார். சில மாதங்கள் வேலையின்றி இருந்த அவருக்கு, மேற்கத்தியப் படங்களின் பெரும் நாயகர் வில்லியம் ஹார்ட் 1918இல் ‘ரிடில் கான்’ படத்தில் வில்லன் வேடம் கொடுத்தார்.

1919இல் ஜார்ஜ் லோன் டக்கர் இயக்கிய ‘தி மிராக்கிள் மேன்’ எல்லாவற்றையும் மாற்றியது. அதில் சேனிக்கு ‘தவளை’ என்று அழைக்கப்படும் போலி ஊனமுற்றவன் வேடம். நோய் தீர்க்கும் முதியவர் ஒருவர் முன்னால், முறுக்கிக் கிடக்கும் கைகால்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து எழுந்து நிற்பதுதான் அவன் வேலை, கூட்டத்தை ஏமாற்றும் தந்திரம். படம் பெரும் வெற்றி பெற்றது. இன்று அதில் சில நிமிடங்களே மிஞ்சியுள்ளன. நல்லவேளையாக, தவளை எழுந்து நிற்கும் காட்சி அவற்றில் உண்டு. அதில் முக ஒப்பனை என்று பெரிதாக எதுவும் இல்லை. இடுப்பும் தோளும் கழுத்தும்தான் நடிக்கின்றன. ஒப்பனையால் பெயர் பெற்ற நடிகர், ஒப்பனை ஏறக்குறைய இல்லாத காட்சியால் புகழின் படியில் கால் வைத்தார் என்பதை அவரைப் பற்றி எழுதியவர்களில் பலர் போதுமான அளவு கவனிக்கவில்லை.

அடுத்த ஆண்டு வந்த ‘தி பெனால்ட்டி’யில் அவர் இரு கால்களும் இழந்த குற்றவாளிக் கும்பலின் தலைவன். கால்களை முழங்காலில் மடக்கிப் பின்னால் வாரால் கட்டி, முழங்கால்களைத் தோல் குழல்களுக்குள் செலுத்தி, அவற்றின்மேல் நடந்தார். ரத்த ஓட்டம் தடைபடுவதால் சிறிது நேரத்துக்கு ஒருமுறை கட்டை அவிழ்க்க வேண்டியிருந்தது. ஆனால் படத்தைப் பார்ப்பவருக்கு அந்த வலி நினைவுக்கு வருவதில்லை. ஊன்றுகோல்களில் துள்ளி ஏறும் அந்த மனிதனின் வேகமும் திமிரும்தான் நினைவில் நிற்கின்றன. 1922இல் ‘ஆலிவர் ட்விஸ்ட்’ படத்தில் ஃபேகினாகத் தோன்றினார்.

1923இல் யுனிவர்சல் நிறுவனத்துக்கே மறுபடி நடித்தார். விக்டர் ஹியூகோவின் நாவலைத் தழுவிய ‘தி ஹன்ச்பேக் ஆஃப் நோட்ர டாம்’ படத்தில் கோயில் மணியடிக்கும் கூனன் குவாசிமோடோ. அதே நிறுவனம் இப்போது வாரத்துக்கு 2,500 டாலர் கொடுத்தது. கூனின் எடை 70 பவுண்டு என்று விளம்பரங்கள் பரப்பிய கதை இன்றும் சுற்றுகிறது. உண்மையில் அது அதில் சிறு பங்குதான். எடையைவிட முக்கியமானது, அந்தக் கூன் உடம்பை எப்படி வளைக்கும் என்று அவர் கணக்கிட்டிருந்தது. ஒரு கண் மூடி, முகம் கோணி, நெஞ்சு நிமிர முடியாமல் இருந்தும், தண்டனை மேடையில் தனக்குத் தண்ணீர் கொடுக்கும் எஸ்மரால்டாவை அவர் நோக்கும் பார்வை குழம்பாமல் தெளிவாக வந்து சேர்கிறது.

அன்றைய ஒப்பனைக்கும் படச்சுருளுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1920களின் நடுப்பகுதிவரை பயன்பட்ட சுருளுக்குச் சிவப்பு நிறம் தெரியாது. சிவப்பு பூசிய இடம் திரையில் கருமையாக விழும்; நீலம் வெளுத்துப் போகும். கன்னத்தில் குழி வேண்டுமென்றால் அங்கே சிவப்பைப் பூசினால் போதும். இந்த வண்ணக் கணக்கைச் சேனி கரைத்துக் குடித்திருந்தார். முகத்தை மேடேற்றப் பஞ்சும், காய்ந்தால் தோல்போல் இறுகும் கொலோடியன் திரவமும், பல்லுக்குக் கட்டாபெர்ச்சா, மூக்கைத் தூக்க மீன்தோலும் கோந்தும். 1925இல் வெளிவந்த ‘தி ஃபேன்டம் ஆஃப் தி ஆப்பரா’வில் இவை அனைத்தும் ஒன்றுசேர்ந்தன. மூக்கு மேலே இழுக்கப்பட்டு, துளைகள் கருக்கப்பட்டு, கன்ன எலும்புகள் உயர்த்தப்பட்டு, நெற்றிக்கு மேல் வழுக்கைக் கவசம் ஏறியதும் உயிருள்ள மண்டையோடு ஒன்று உருவாயிற்று. படம் வெளியாகும்வரை அந்த முகத்தின் புகைப்படம் எதுவும் வெளியே போகாமல் நிறுவனம் காத்தது. நாயகியாக நடித்த மேரி ஃபில்பின் பின்னாலிருந்து முகமூடியை உருவும் காட்சியில், பார்வையாளர்கள்தான் முதலில் அந்த முகத்தைப் பார்க்கிறார்கள். அவளுக்கு ஒரு கணம் கழித்தே தெரிகிறது. இயக்குநர் ரூபர்ட் ஜூலியனுக்கும் சேனிக்கும் பேச்சுவார்த்தையே இல்லாமல், ஒளிப்பதிவாளர் சார்லஸ் வான் எங்கர் இருவருக்கும் இடையே தூது போனார். அப்படத்துக்காக எழுப்பிய ஆப்பரா அரங்கின் தளம் 2014இல் இடிக்கப்படும்வரை யுனிவர்சல் வளாகத்தில் நின்றது.

புதிதாக உருவான மெட்ரோ-கோல்ட்வின்-மேயர் நிறுவனம் தன் முதல் தயாரிப்பாக 1924இல் எடுத்த ‘ஹி ஹூ கெட்ஸ் ஸ்லாப்டு’ படத்தின் நாயகன் சேனிதான். சுவீடன் இயக்குநர் விக்டர் ஷோஸ்ட்ரோம் இயக்கிய இப்படத்தில், உழைப்பையும் மனைவியையும் ஒரே ஆளிடம் பறிகொடுத்த அறிவியலாளர் சர்க்கஸ் கோமாளியாகி, இரவுதோறும் அறை வாங்குகிறார். சேனியின் படங்களில் மிகவும் கனிந்தது இது என்று தயங்காமல் சொல்லலாம்.

இயக்குநர் டாட் பிரௌனிங்குடன் 1919 முதல் 1929வரை பத்துப் படங்கள் செய்தார். சர்க்கஸ், கண்காட்சி, துறைமுகச் சந்து என்று பிரௌனிங்குக்குப் பிடித்த உலகங்களில் சேனியின் உடல் இயல்பாகப் பொருந்தியது. இவற்றில் சிகரம் 1927இல் வந்த ‘தி அன்னோன்’. அலோன்ஸோ கால்களால் கத்தி எறியும் கையில்லாத சர்க்கஸ்காரன். உண்மையில் கைகளை உடம்போடு இறுக்கிக் கட்டி மறைத்துவைத்திருக்கும் குற்றவாளி. அவன் காதலிக்கும் நானோனுக்கு ஆண்களின் கை பட்டாலே அச்சம். அவளுக்காக மருத்துவரை மிரட்டி நிஜமாகவே கைகளை வெட்டிக்கொண்டு திரும்புகிறான். அதற்குள் அவள் அச்சம் தீர்ந்து, பலசாலி ஒருவனின் கைகளுக்குள் நிற்கிறாள். அதைப் பார்த்து அவன் முகத்தில் எழும் சிரிப்பு மெல்ல மெல்ல அலறலாக மாறுவதை வசனம் எதுவும் விளக்கியிருக்க முடியாது. கால்களால் செய்யும் வேலைகளில் பலவற்றை, உண்மையிலேயே கையில்லாத பால் டெஸ்மியூக் என்ற கலைஞர் மாற்று ஆளாகச் செய்தார். கால்கள் அவருடையவை, மேலுடம்பும் முகமும் சேனியுடையவை. நானோனாக நடித்த ஜோன் கிராஃபோர்டு, கேமராவுக்கு முன் நிற்பதற்கும் நடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சேனியிடம்தான் கற்றதாகப் பிற்காலத்தில் கூறினார்.

ஒப்பனை இல்லாத சேனியைப் பார்க்க விரும்புவோருக்கு 1926இல் வந்த ‘டெல் இட் டு தி மரீன்ஸ்’ இருக்கிறது. முரட்டுப் பயிற்சி சார்ஜென்ட் ஒருவரை வெறும் முகத்தோடு நடித்தார்; அமெரிக்கக் கடற்படைக் காலாட்படை அவரைக் கௌரவ உறுப்பினராக்கியது. இன்னொரு பக்கமும் சொல்லப்பட வேண்டும். ‘மிஸ்டர் வூ’ போன்ற படங்களில் அவர் சீனராக வேடமிட்டார். ஒப்பனை நுணுக்கம் குறைவற்றதுதான். ஆனால் அதே படத்தில் உண்மையான சீன வம்சாவளி நடிகை அன்னா மே வாங்குக்குத் துணை வேடமே கிடைத்தது. வூவின் மகளாக நடித்தவர் பிரெஞ்சு நடிகை ரெனே அடோரே. திறமையால் எந்த முகத்தையும் வரைந்துகொள்ளலாம் என்ற நம்பிக்கை, அந்த முகத்தோடே பிறந்தவர்களின் இடத்தைப் பறித்தது. இது சேனி என்ற தனி மனிதரின் குற்றம் அல்ல, தொழிலின் குற்றம்; என்றாலும் அவருடைய கலையின் கணக்கில் இதுவும் சேரும்.

1929இல் வெளிவந்த பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தின் 14ஆம் பதிப்பில் திரைப்பட ஒப்பனை பற்றிய பகுதி சேனியின் பெயரில் இடம்பெற்றது. நான்காம் வகுப்போடு நின்றவருக்கு அது சிறிய பெருமை அல்ல. பேட்டி, விருந்து, விழா எதற்கும் அவர் போகமாட்டார். வேலை இல்லாத நாள்களில் கிழக்கு சியரா மலைகளில் மீன் பிடித்தார். அங்கே அவருக்காகக் கல்வீடு ஒன்றை வடிவமைத்தவர் கறுப்பினக் கட்டடக் கலைஞர் பால் வில்லியம்ஸ். பெயர் தெரியாத சிறு நடிகராக இருந்த போரிஸ் கார்லாஃபைத் தன் காரில் ஏற்றிச் சென்று, வேறு யாரும் செய்யாத, செய்யத் துணியாத ஒன்றைத் தேடிக்கொள் என்று அறிவுரை சொன்னார். கார்லாஃபே இதை நினைவுகூர்ந்திருக்கிறார்.

பேசும்படம் வந்தபோது கடைசிவரை தயங்கிய நட்சத்திரங்களில் சேனியும் ஒருவர். 1925இல் ஊமைப்படமாகத் தாம் நடித்த ‘தி அன்ஹோலி த்ரீ’யையே 1930இல் குரலோடு மறுபடி நடித்தார். பொம்மை பேச வைக்கும் கலைஞன், அவன் வேடமிடும் கிழவி, கிளி முதலிய ஐந்து குரல்களையும் அவரே கொடுத்தார். அவை தம்முடையவைதான் என்று சான்றுறுதி ஆவணத்தில் கையெழுத்தும் இட்டார். முந்தைய ஆண்டு ‘தண்டர்’ படப்பிடிப்பின்போது நிமோனியா கண்டிருந்தது. அதன்பின் நுரையீரல் புற்றுநோய் தெரியவந்தது. படம் வெளியான அடுத்த மாதமே, 1930 ஆகஸ்ட் 26 அன்று, தொண்டையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு லாஸ் ஏஞ்சலிஸில் காலமானார். வயது 47. இறுதி நாள்களில் குரல் அற்றுப்போக, மறுபடி சைகைகளால்தான் பேசினார். கிளென்டேல் ஃபாரஸ்ட் லான் கல்லறையில் அவர் பெயர் பொறிக்கப்படவில்லை.

மகன் கிரெய்ட்டன், தந்தையின் மறைவுக்குப் பின்னரே நடிக்க வந்தார். லான் சேனி ஜூனியர் என்ற பெயரில் 1941இல் ‘தி வுல்ஃப் மேன்’ ஆனார். 1957இல் ஜேம்ஸ் காக்னி நடித்த ‘மேன் ஆஃப் எ தௌசண்ட் ஃபேசஸ்’ மூத்த சேனியின் வாழ்க்கையைத் திரைக்குக் கொண்டுவந்தது. அவருடைய ஒப்பனைப் பெட்டி லாஸ் ஏஞ்சலிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது.

அவர் நடித்த 150க்கும் மேற்பட்ட படங்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. ‘லண்டன் ஆஃப்டர் மிட்நைட்’ படத்தின் கடைசிப் பிரதி 1960களில் மெட்ரோ-கோல்ட்வின்-மேயர் சேமிப்பறையில் ஏற்பட்ட தீயில் போனதாகக் கருதப்படுகிறது; புகைப்படங்கள் மட்டும் மிஞ்சின. ‘தி அன்னோன்’ படமும் நெடுங்காலம் கிடைக்காமல் இருந்து, பின்னர் பாரிஸ் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்டது. அந்தப் பிரதியில் விடுபட்டிருந்த சுமார் பத்து நிமிடக் காட்சிகளைச் செக் நாட்டுப் பிரதி ஒன்றிலிருந்து எடுத்துச் சேர்த்து, 2022இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் அருங்காட்சியகம் ஏறக்குறைய முழு வடிவில் மீட்டது.