முகம் யாருடையது?

நாவல் படிக்கிறவனுக்கு ஒரு ரகசிய சந்தோஷம் உண்டு. கதாநாயகியின் முகம் தனக்கும் ஆசிரியருக்கும் மட்டுமே தெரியும் என்று அவன் நினைத்துக்கொண்டிருப்பான். அடுத்த வீட்டுக்காரரும் அதே நாவலைத்தான் படித்திருக்கிறார். அவருக்கும் ஒரு முகம் தெரியும். ஆனால் இருவரும் தங்கள் தங்கள் முகங்களை எடுத்து வைத்து ஒத்துப் பார்த்துக்கொள்ள வழியில்லை. ஆகையால் சண்டையும் இல்லை. சினிமாக்காரர்கள் வந்து, எல்லோருக்கும் சேர்த்து ஒரே முகத்தைத் திரையில் காட்டும்போதுதான் இந்த நிம்மதி குலைகிறது.

2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் தேதி தமிழ்நாட்டில் நடந்தது இதுதான். அன்று மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் வெளியாயிற்று. வழக்கமாக முதல் நாள் முதல் காட்சி நடிகர்களின் ரசிகர்களுக்கு உரியது. அன்றோ கொட்டகை வாசலில் வேறொரு கூட்டமும் நின்றது. கைத்தடி ஊன்றிய தாத்தாக்கள், சினிமாவுக்குப் போவதையே விட்டுப் பல வருஷமான பாட்டிகள், ஐந்து பாகங்களையும் மூன்று தடவை படித்து முடித்த குடும்பத் தலைவிகள் எல்லாரும் வந்திருந்தார்கள். அவர்கள் விக்ரமையோ கார்த்தியையோ பார்க்க வந்தவர்கள் அல்ல. ஆதித்த கரிகாலனையும் வந்தியத்தேவனையும் பார்க்க வந்தவர்கள். அதிலும், சரியாக இருக்கிறார்களா என்று சோதித்துப் பார்க்க வந்தவர்கள்.

'பொன்னியின் செல்வ'னுக்குச் சரித்திர நாவல் என்று பெயர். ஆனால் அதில் மூழ்கியவர்களுக்கு அது ஒரு கனவு நாடு. அந்த நாட்டின் பிரஜைகள் காட்சி முடிந்து வெளியே வந்ததும் சொன்ன அபிப்பிராயங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, முகத்தைப் பற்றியது. "வந்தியத்தேவன் என்றால் இவன்தான்" என்றார்கள். "குந்தவை இவள் அல்ல" என்றார்கள். அடுத்தவர் அதையே தலைகீழாகச் சொன்னார். இரண்டாவது, விட்டுப்போனதைப் பற்றியது. நாவல் ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமேல் வரும் வாலிபனோடு தொடங்குகிறது. படமோ கமல்ஹாசனின் குரலோடும் ஒரு யுத்தத்தோடும் தொடங்கிற்று. கடம்பூர் மணிமேகலை, வந்தியத்தேவன்மேல் வைத்த அன்புக்காகவே வாசகர்கள் கண்ணீர் விட்ட அந்தப் பெண், படத்தில் இல்லவே இல்லை. மூன்றாவது, மாற்றியதைப் பற்றியது. இது 2023 ஏப்ரல் 28-இல் இரண்டாம் பாகம் வந்த பிறகு பலமாகக் கேட்டது. பூமாலை கட்டும் சேந்தன் அமுதனே உண்மையான மதுராந்தகன் என்று கல்கி கடைசியில் அவிழ்க்கும் முடிச்சைப் படம் போடவேயில்லை. மகுடம் வேறு தலையில் ஏறிற்று.

இந்தக் குறைகளைக் கேட்டுச் சிரித்தவர்களும் உண்டு. "ஐந்து பாகத்தை ஐந்தரை மணி நேரத்தில் அடைத்தால் எல்லாம் எப்படி இருக்கும்?" என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வாசகர்கள் இப்படி வழக்குத் தொடுப்பது இது முதல் தடவை அல்ல. முதல் வழக்கு கல்கியின் மேலேயே தொடுக்கப்பட்டது. 1950 அக்டோபரிலிருந்து 1954 மே மாதம் வரையில் வாரா வாரம் வந்த கதை சட்டென்று முடிந்ததும், "இவ்வளவுதானா? அவள் என்ன ஆனாள்? இவன் என்ன ஆனான்?" என்று வாசகர்கள் கேட்டார்கள். கல்கி அதற்காக ஒரு முடிவுரை எழுதிப் பாத்திரங்களின் பிற்கால வாழ்க்கையைச் சொல்லிச் சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று. அந்த வருஷம் டிசம்பரிலேயே அவர் காலமானார். ஆசிரியரையே விடாத வாசகர்கள் டைரக்டரை விட்டுவிடுவார்களா?

ஆகவே, குறை சொன்னதில் அதிசயம் இல்லை. ஆராய வேண்டியது அந்த முதல் வகையைத்தான். "நான் நினைத்த குந்தவை இவள் அல்ல" என்கிறாரே வாசகர், அந்த 'நான் நினைத்த குந்தவை' எங்கிருந்து வந்தாள்?

கல்கியின் எழுத்திலிருந்து வந்தாள் என்பது பாதி விடைதான். மறுபாதிக்கு ஓவியர் மணியத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். தொடர்கதைக்கு வாரந்தோறும் படம் எழுதியவர் அவர். குந்தவையின் கொண்டை எப்படி உயர்ந்து நிற்கும், நந்தினியின் கொண்டை எப்படிச் சரிந்து விழும் என்பதைத் தமிழ்நாடு கண்ணால் கற்றுக்கொண்டது அவருடைய தூரிகையிடமிருந்துதான். வீடுகளில் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்தார்கள் அல்லவா? அந்தப் பைண்டுப் புத்தகங்களில் கதையும் படமும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டு அடுத்த தலைமுறைக்குப் போயின. படத்தைப் பார்த்த ஞாபகம் மறைந்துவிடும். முகம் மட்டும் நிற்கும். பிறகு அதை நாமே கற்பனை செய்ததாக எண்ணிக்கொள்வோம்.

கல்கி 'பொன்னியின் செல்வ'னை மறுபடி மறுபடி தொடராக வெளியிட்டபோது வேறு ஓவியர்களும் எழுதினார்கள். மணியத்தின் புதல்வர் மணியம் செல்வனும் அவர்களில் ஒருவர். ஆகவே, எந்த வருஷத்துத் தொடரைப் படித்தவர் என்பதைப் பொறுத்தும் வாசகரின் குந்தவை மாறுகிறாள். கொட்டகை வாசலில் தாத்தாவும் பேரனும் ஒத்துப்போகாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த விஷயத்தில் சிவகாசிக்கு ஒரு பங்கு உண்டு. தென்னாட்டில் கண்ணுக்குத் தெரியாதவர்களுக்கு முகம் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட ஊர் அது. நந்தினியின் சரிந்த கொண்டையை ஆண்டாள் கொண்டை என்கிறோம். அந்த ஆண்டாளின் ஸ்ரீவில்லிபுத்தூர் சிவகாசிக்கு அடுத்த ஊர்தான். ஆண்டாளைச் சந்நிதியில் தரிசித்தவர்களைவிட அச்சுப் படத்தில் தரிசித்தவர்களே அதிகம் இருப்பார்கள். அந்தப் படங்களில் பெரும்பாலானவை சிவகாசியில் அச்சானவை.

அது வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். மழை பொய்க்கும் கரிசல் பூமியில் பிழைப்புத் தேடிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். 1923-இல் தொழில் தொடங்கிற்று. தீப்பெட்டி என்றால் அதன்மேல் ஒட்ட லேபிள் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அடையாளம் கண்டு வாங்குவதற்கு லேபிளில் படம் வேண்டும். இப்படித் தீப்பெட்டிக்குத் துணையாக வந்தது அச்சுத் தொழில். வறண்ட காற்று குச்சி காய்வதற்கும் உதவிற்று. காகிதத்தில் மை காய்வதற்கும் உதவிற்று. லேபிளிலிருந்து காலண்டர், காலண்டரிலிருந்து சினிமாப் போஸ்டர், பட்டாசுப் பெட்டியின் மேல் நடிகரின் முகம் என்று தொழில் விரிந்தது.

காலண்டருக்கு முகம் எழுதியவர்களில் முதன்மையானவர் கொண்டைய ராஜு. 1898-இல் பிறந்தவர். நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதிய கை அது. பக்கத்துக் கோவில்பட்டியில் தங்கிச் சீடர்களைச் சேர்த்துக்கொண்டு, 1976-இல் மறையும் வரையில், முருகனையும் மீனாட்சியையும் லட்சுமியையும் எழுதினார். சிவகாசி அவற்றை அச்சிட்டது. மளிகைக் கடைக்காரர்களும் ஜவுளிக் கடைக்காரர்களும் வருஷப் பிறப்புக்கு இனாமாகக் கொடுத்தார்கள். பூஜை அறைக்குள் போன பிறகு அது கடை விளம்பரம் என்பதும் மறந்துபோயிற்று; ஒருவர் எழுதினார் என்பதும் மறந்துபோயிற்று. முருகன் என்றால் அந்த முகம்தான் என்று ஆகிவிட்டது.

இதற்கு முன்னோடி ராஜா ரவிவர்மா. 1894-இல் அவர் பம்பாயில் நிறுவிய கல்லச்சுக் கூடத்திலிருந்து வெளிவந்த லட்சுமியும் சரஸ்வதியும் தேசம் முழுவதும் பரவினார்கள். 1913-இல் 'ராஜா ஹரிச்சந்திரா' எடுத்த பால்கேயும் அச்சுத் தொழிலிலிருந்து வந்தவரே. அச்சுப் படத்தில் பார்த்துப் பழகிய தெய்வம் திரையில் நடமாடியபோது ஜனங்கள் கைகூப்பினார்கள். அங்கே "நான் நினைத்த கிருஷ்ணன் இவன் அல்ல" என்ற பேச்சுக்கே இடமில்லை. காரணம் எளியது: சினிமாக்காரர் காலண்டரை அனுசரித்தார். தமிழில் 1965-இல் வந்த 'திருவிளையாட'லில் சிவாஜி கணேசனும் சாவித்திரியும் காலண்டரிலிருந்து இறங்கி வந்த சிவனும் பார்வதியுமாகவே தெரிந்தார்கள்.

நாவல்களின் கதை அவ்வளவு சுலபமாக இல்லை. கல்கி 1939-இல் 'தியாகபூமி' எழுதியபோது ஒரு புது யுக்தி செய்தார்கள். கே. சுப்ரமண்யம் படம் எடுத்துக்கொண்டிருந்தபோதே ஆனந்த விகடனில் தொடர் வந்தது. சித்திரங்களுக்குப் பதிலாகப் படத்தின் புகைப்படங்களே அதில் இடம்பெற்றன. ஆகவே, சம்பு சாஸ்திரி என்றால் பாபநாசம் சிவன்தான் என்று வாசகர் முதலிலேயே ஒப்புக்கொண்டார். முகச் சண்டைக்கு இடமே வைக்கவில்லை. 1960-இல் 'பார்த்திபன் கனவு' திரைக்கு வந்தபோது வேறொரு சங்கடம். புத்தகத்தில் சிவனடியார் யார் என்பதைக் கல்கியால் கடைசி வரையில் மறைக்க முடிந்தது. எழுத்துக்கு முகம் கிடையாதே! திரையிலோ நடிகரின் குரலும் நடையும் காட்டிக் கொடுத்துவிடும். எந்தத் தாடியும் அதை மறைக்காது. அடுத்தது, 1968-இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்'. கொத்தமங்கலம் சுப்பு விகடனில் எழுதிய அந்தத் தொடருக்குக் கோபுலு உயிருள்ள படங்கள் எழுதியிருந்தார். ஆனால் நாகேஷ் வைத்தியாக வந்து நின்ற பிறகு, கோபுலுவின் வைத்தியை எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறார்கள்? அங்கே திரை ஜெயித்துவிட்டது.

'பொன்னியின் செல்வ'னை எம்.ஜி.ஆர். 1958-லேயே படமாக்குவதாக அறிவித்தார், திரைக்கதை எழுத மகேந்திரனை அமர்த்தினார், படம் எடுபடவில்லை. கமல்ஹாசனும் முயன்று விட்டுவிட்டார். 1999-இல் மேஜிக் லேண்டர்ன் குழுவினர் சென்னையில் நாடகமாக நடத்தினார்கள். அதை எழுதிய குமரவேல்தான் பின்னால் மணிரத்னத்தின் திரைக்கதையிலும் பங்கு கொண்டார். அறிவிப்பிலிருந்து படம் வரைக்கும் அறுபத்து நான்கு வருஷம். அவ்வளவு காலமும் திரை முகம் இல்லாமல் இருந்ததால், வாசகர்களின் மனத்து முகங்கள் எதிர்ப்பில்லாமல் வேரூன்றிவிட்டன. பழைய மரத்தைப் பெயர்த்தால் மண்ணும் கூட வரத்தானே செய்யும்?

சீமையிலும் இதே கதை நடந்திருக்கிறது. டோல்கியனின் 'மோதிரங்களின் தலைவன்' முதல் பாகம் புத்தகமாக வந்தது 1954 ஜூலையில். இங்கே 'பொன்னியின் செல்வன்' முடிந்த அதே வருஷம். அதைப் பீட்டர் ஜாக்சன் 2001-இல் படமாக்கியபோது டாம் பாம்படில் என்ற பாத்திரத்தை அடியோடு விட்டுவிட்டார். அங்கத்திய வாசகர்களும் நம் மணிமேகலைக்காரர்களைப் போலவே மனம் வருந்தினார்கள். ஆனால் முகத்தையும் ஊரையும் பற்றிய புகார் குறைவாகவே இருந்தது. ஜாக்சன் செய்த புத்திசாலித்தனம் ஒன்றுண்டு. ஆலன் லீ, ஜான் ஹோவ் என்ற இரண்டு ஓவியர்களைக் கூப்பிட்டுத் தம்மோடு வைத்துக்கொண்டார். அவர்கள் டோல்கியன் நூல்களுக்கும், கேளுங்கள், டோல்கியன் காலண்டர்களுக்கும் படம் எழுதி வந்தவர்கள்! சுவரில் மாட்டிய காலண்டரில் பார்த்த மலையும் கோட்டையும் திரையில் வந்தபோது, "நான் நினைத்தது இதுதான்" என்று வாசகர் மகிழ்ந்தார். அவர் நினைத்ததல்ல அது; அவர் பார்த்தது. சிவகாசிக்காரருக்கு இந்த ரகசியம் புதிதல்ல.

அப்படியானால் குந்தவையைப் பற்றிப் புகார் சொன்ன நம் வாசகர் ஏமாந்த மனிதரா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓவியர் கொடுத்த முகத்தை வாங்கிக்கொண்டவர் அதை அப்படியே வைத்திருக்கவில்லை. தம் அத்தையின் சிரிப்பைக் கொஞ்சம் சேர்த்தார். கோயிலில் பார்த்த ஒரு பெண்ணின் நிமிர்ந்த நடையைச் சேர்த்தார். இருபது வருஷம், முப்பது வருஷம் அதைத் துடைத்துத் துடைத்து வைத்தார். அச்சில் ஒரு நிறத்தின்மேல் இன்னொரு நிறம் ஏறித்தான் படம் முழுமை பெறுகிறது. கல்கி முதல் நிறம், மணியம் இரண்டாவது, கடைசி நிறம் வாசகருடையது. அந்தக் கடைசி நிறம் திரையில் இல்லையே என்றுதான் அவர் முனகினார். முனகட்டும். நடிகருக்காகப் பட்டாசு கொளுத்துகிற ரசிகரின் சத்தம் அரை மணியில் அடங்கிவிடும். இந்த முனகல் ஒரு நாவல் எழுபது வருஷம் உயிரோடு இருந்ததற்குச் சாட்சி.

எனக்குக் கவலை வேறு இடத்தில். படத்தை ஒட்டி நாவல் அமோகமாக விற்றது. புதிதாகப் படிக்க உட்கார்ந்த பையனும் பெண்ணும் முதல் பக்கத்திலேயே கார்த்தியின் முகத்தோடு குதிரை ஏறிவிட்டார்கள். மணியத்தின் கோடு இடம் விட்டது. சாயம் பூச வாசகருக்கு வேலை வைத்தது. திரை முகமோ மூச்சு விடுகிறது, வியர்க்கிறது, பேசுகிறது. அதில் சேர்ப்பதற்கு இடம் குறைவு. கடைசி நிறத்தையும் அதுவே பூசி அனுப்புகிறது.

ஆனாலும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. புத்தகம் இருக்கிறது. ஏரிக்கரையும் ஆடிப்பெருக்கும் மணிமேகலையும் அதில் அப்படியே இருக்கிறார்கள். இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை படிக்கும்போது கார்த்தியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலையும். படிக்கிறவனுடைய அண்ணன் முகமோ நண்பன் முகமோ அதில் வந்து ஏறும். இன்னும் முப்பது வருஷம் கழித்து வேறொருவர் இதே கதையைப் படமெடுப்பார். அப்போது அந்தப் பையன் தலை நரைத்துக் கொட்டகையிலிருந்து வெளியே வந்து, "இவன் வந்தியத்தேவனே அல்ல" என்று சொல்வான். அவன் அப்படிச் சொல்ல வேண்டும் என்பதே என் ஆசை.