பழனிகுமார், எம்.

மதுரை மாவட்டம் ஜவஹர்லால்புரத்தைச் சேர்ந்த ஆவணப் புகைப்படக் கலைஞர். 'பாரி' இணைய இதழின் படப்பதிவாளர். மலக்குழி மரணங்களைப் பற்றித் திவ்யபாரதி இயக்கிய 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்தின் ஒளிப்பதிவு இவருடையது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013இலேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் குழிக்குள் இறங்கியவர்கள் இவர் படங்களில் இருக்கிறார்கள். 2022இல் புகைப்படக் கலைஞர் தயாநிதா சிங், தமக்குக் கிடைத்த ஹாசல்பிளாட் பரிசுப் பணத்திலிருந்து நிறுவிய தயாநிதா சிங்–பாரி விருதை முதலில் பெற்றவர் இவரே.

மீன் விற்ற தம் தாயை எடுத்த படங்கள் தனித்து நிற்கின்றன. கோச்சடைக்குப் பக்கத்திலுள்ள கரிமேட்டுச் சந்தையில் மீன் எடுத்து விற்றவர் அவர். பல படங்களில் தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சம் மட்டுமே. இவற்றைப் புரட்டிவிட்டுப் போக முடியாது: முதலில் கூடை, பிறகு கை, கடைசியில்தான் முகம் கண்ணில் படுகிறது. இரக்கத்தோடு பார்க்க வருபவருக்கு இவை அவ்வளவாக இடம் கொடுப்பதில்லை. வேலையைத்தான் பார்க்கச் சொல்கின்றன.

தூய்மைப் பணியாளர், மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் புகைப்படப் பயிற்சியும் அளிக்கிறார். அவர்கள் கையில் கேமரா வந்ததும், யார் யாரைப் பார்ப்பது என்ற வழக்கமே தலைகீழாகிவிடுகிறது. வெளியாள் துயரத்தைத் தேடிய அதே வீட்டில், பிள்ளைகள் அம்மா சமைப்பதையும் தம்பி விளையாடுவதையும் எடுக்கலாம்.