மலைநாட்டு இலக்கியம்: வடிவமும் குரலும்

ஓர் இலக்கிய வடிவம் எதனைக் கூறும் என்பதை அவ்வடிவம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அதனை எடுத்தாள்வோர் யாவர் என்பதே தீர்மானிக்கின்றது. இலங்கை மலைநாட்டுத் தமிழிலக்கியம் இதற்குத் தக்க சான்றாகும்.

கோப்பித் தோட்டங்களில் வாய்மொழியாக வழங்கிய தாலாட்டும் தெம்மாங்கும் ஒப்பாரியுமே அதன் முதல் நிலை. கங்காணியின் கொடுமையும் பிரிவுத் துயரும் அவற்றில் ஒளிவின்றிப் பேசப்பட்டன. 1869 இல் அச்சேறிய ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி'யோ மக்களின் கும்மி வடிவத்தைக் கொண்டே பயிர்த்தொழில் முறைகளை உரைத்தது. வடிவம் தொழிலாளருடையது, குரல் நிருவாகத்தினுடையது. அவ்வாண்டிலேயே தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை அவ்விடத்தைப் பற்றியது.

தேயிலைக் காலத்தில் அக்குரல் மீட்கப்பட்டது. தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சியம்மாள், மக்கள் அறிந்த மெட்டுக்களில் அவர்தம் துயரைக் கூட்டங்களிற் பாடினார். சிறு நூல்களாகவும் வெளியிட்டார்.

1947 இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றஞ் சென்றவர் சி. வி. வேலுப்பிள்ளை. மறு ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அவர் தோட்ட வாழ்வை ஆங்கிலக் கவிதையாக்கிப் பிறரும் அறியச் செய்தார். நாட்டுப்பாடல்களையும் திரட்டி நூலாக்கினார். தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' (1974) அவ்வாழ்வை நாவலாக விரித்தது.

நாவல் நூலகத்தில் நிற்கும். ஏட்டிலேறாத தாலாட்டோ அதனைப் பாடும் மூதாட்டியோடு மறையும். எஞ்சிய பாடல்களைப் பாடியோர் மொழியிலேயே பதிந்து காத்தல் மாணாக்கர் கடனாகும்.