லொக்கேஷனும் ஊரும்

'கங்கா தின்' படத்தை நான் பார்த்தது ஒரு பிலிம் சொசைட்டி திரையிடலில். 1939ல் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் எடுத்தது. இந்தியாவின் வடமேற்கு எல்லைப்புறம், காளியின் பேரால் கொலைசெய்யும் கூட்டம், வெள்ளைச் சிப்பாய்களைக் காப்பாற்ற ஊதுகொம்பு ஊதிச் செத்துப்போகிற தண்ணீர்க்காரன். அந்தத் தண்ணீர்க்காரனாக, மேலெல்லாம் கருப்புச் சாயம் பூசிக்கொண்டு நடித்தவர் சாம் ஜாஃபே என்கிற அமெரிக்கர். வங்காளத்திலும் பம்பாயிலும் படம் தடை செய்யப்பட்டது. கோபப்பட வேண்டிய படம்தான். எனக்கும் கோபம் வந்தது. ஆனால் கூடவே இன்னொன்றும் உறுத்தியது. அந்தப் பாறைகளை எங்கேயோ பார்த்திருக்கோமே!

பார்த்தது கௌபாய் படங்களில். இந்தியா என்று காட்டப்பட்டது கலிபோர்னியா. சியரா நெவாடா மலையடியில், ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் லோன் பைன் என்றொரு ஊர். ஜனத்தொகை சுமார் 2000. ஊருக்கு மேற்கே உருண்டு திரண்டு கிடக்கும் பாறைகளுக்கு அலபாமா குன்றுகள் என்று பெயர். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சுமார் 320 கிலோமீட்டர். விடிகாலையில் லாரியைக் கிளப்பினால் மத்தியானம் காமிராவை நிறுத்திவிடலாம். 1920ல் 'தி ரவுண்ட் அப்' தொடங்கி நானூறுக்கு மேற்பட்ட படங்கள் இங்கே எடுக்கப்பட்டிருக்கின்றன. 1935ன் 'தி லைவ்ஸ் ஆஃப் எ பெங்கால் லான்சர்' இங்கேதான். 2008ன் 'அயர்ன் மேன்' காட்டும் ஆப்கானிஸ்தானும் இங்கேதான். பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் போய் அமெரிக்க சாம்ராஜ்யம் வந்த பிறகும் 'எல்லைப்புறம்' அதே பாறைகள்தான்.

இந்தப் படங்களுக்கென்றே 1990ல் ஊர்க்காரர்கள் ஒரு விழாவைத் தொடங்கினார்கள். அக்டோபரில், கொலம்பஸ் தினத்தை ஒட்டிய வார இறுதியில் நடக்கும். பழைய நடிகர்கள் வருவார்கள். பாறைகளுக்கு நடுவே பஸ் போகும்: இந்த இடத்தில்தான் குதிரை பாய்ந்தது, இந்தப் பாறைக்குப் பின்னால்தான் வில்லன் ஒளிந்தான். 2006ல் ஒரு மியூசியமும் திறந்தார்கள். இதைக் கிண்டலடிக்க நான் எழுதவில்லை. ஹாலிவுட் மறந்துபோன மலிவான மேற்கத்தியப் படங்களை ஒரு சின்ன ஊர் தன்னுடையதாக எடுத்து வைத்துக்கொண்டது சாதாரணக் காரியமல்ல.

ஆனால் எதைக் கொண்டாடுகிறார்கள்? ஊரையா, லொக்கேஷனையா? லொக்கேஷன் என்பது ஊரைத் துடைத்துவிட்ட நிலவெளி. அதற்குச் சொந்தமாக ஒரு வரலாறு இருந்துவிட்டால் அது வேறு இடமாக நடிக்க முடியாது. எனவே மௌனம் என்பது இங்கே தற்செயலாக விட்டுப்போனதல்ல, அதுதான் முதலீடு.

அந்த மௌனத்துக்குள் என்னென்ன கிடக்கிறது? அலபாமா என்ற பெயரே உள்நாட்டுப் போரில் அடிமைமுறையை ஆதரித்த தென்பகுதியினரின் ஒரு போர்க்கப்பலுடையது. அந்தப் பக்கத்தில் அனுதாபம் கொண்ட சுரங்கக்காரர்கள் வைத்தது. அதற்கு முன்னால் இது பையூட் மக்களின் நிலம். பள்ளத்தாக்குக்கு அவர்கள் வைத்த பெயர் பயஹூனாடு, தண்ணீர் ஓடும் இடம். 1863ல் அவர்களில் ஏறக்குறைய ஆயிரம் பேரை ராணுவம் தெற்கே தேஹோன் கோட்டைக்கு நடத்தியே ஓட்டிக்கொண்டு போனது. 1913ல் லாஸ் ஏஞ்சல்ஸ் கால்வாய் வெட்டி ஓவன்ஸ் ஆற்றையே கொண்டுபோய்விட்டது. சில வருஷங்களில் ஏரியும் வறண்டது. படக்காரர்கள் தேடி வந்த 'ஆளில்லாத வறண்ட மேற்கு' ஒன்றும் இயற்கை கொடுத்ததல்ல. அதில் ஒரு பகுதி இப்படி உண்டாக்கப்பட்டது.

அடுத்தது மன்சனார். லோன் பைனுக்கு வடக்கே 16 கிலோமீட்டர். 1942லிருந்து 1945வரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்கள் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டிருந்த முகாம். அவர்கள் காமிரா வைத்துக்கொள்ளக் கூடாது. டோயோ மியாடாகே என்ற புகைப்படக்காரர் ஒரு லென்ஸை ஒளித்து எடுத்து வந்து, மரப்பெட்டியில் பொருத்திக் காமிரா செய்துகொண்டார். சற்று யோசித்துப் பாருங்கள்: உலகத்தின் ஆகப்பெரிய காமிராக்கள் வந்துபோகிற பள்ளத்தாக்கில், ஒரு மனுஷன் தன் பிள்ளைகுட்டிகள் வாழும் வாழ்க்கையைப் படமெடுக்கத் திருட்டுத்தனமாக ஒரு பெட்டி செய்ய வேண்டியிருக்கிறது. யார் பார்ப்பது, யார் பார்க்கப்படுவது என்பதைத் தீர்மானிப்பதுதான் அதிகாரம்னு நாம பேசுவதெல்லாம் இங்கே வெறும் தத்துவம் இல்லை, சட்டமாகவே இருந்தது.

இந்த மௌனம் ஓரிடத்தில் விரிசல் விடுகிறது. 1955ல் ஜான் ஸ்டர்ஜஸ் இயக்கி வந்த 'பேட் டே அட் பிளாக் ராக்' லோன் பைன் பக்கத்தில்தான் எடுக்கப்பட்டது. யுத்தம் முடிந்த சமயம். ஒரு கை செயலிழந்த அந்நியன் ரயிலிலிருந்து இறங்கி, கொமோக்கோ என்ற ஜப்பானிய விவசாயியைத் தேடுகிறான். தன் உயிரைக் காப்பாற்றிச் செத்த அவர் மகனின் பதக்கத்தை ஒப்படைக்க வந்தவன். ஊர் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது. கொமோக்கோவைக் கொன்றதே ஊர்தான். படம் முழுக்க அவர் முகத்தையோ இன்னொரு ஜப்பானிய முகத்தையோ நாம் பார்ப்பதில்லை. முகாமைப் பற்றிக் கொஞ்சம்தான் பேச்சு. ஆனால் அந்த வெறுமையைச் சுற்றித்தான் கதையே நடக்கிறது. இப்படிப் பார்த்தால், பாறைகள் ஏறக்குறையத் தாமாகவே நடித்த படம் இது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது.

வட்டாரப் படவிழா எதற்கும் இந்தக் கேள்வி பொருந்தும். ஊரின் பெருமை என்று திரையிடுகிறோமே, அதில் ஊர் யாராக நடித்தது, யாரை வெளியே நிறுத்தி நடித்தது? அந்த விழாவுக்கு நான் போனதில்லை. போனால் எனக்கு ஒரே ஆசைதான். 'கங்கா தின்' எடுத்த பாறையைக் காட்டிவிட்டு அந்த பஸ் திரும்பக் கூடாது. வடக்கே இன்னும் 16 கிலோமீட்டர் போக வேண்டும்.