கேள்வியும் வகுப்பறையும்

திருக்குறளில் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் ‘கேள்வி’ நிற்கின்றது. கல்விக்குச் செவியே தலைவாயில் என்பது நம் முன்னோர் கொள்கை. அவ்வாயில் அடைபட்டால் மாணவன் நிலை யாது? கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்ப்பள்ளி வரலாற்றோடு இவ்வினாவை ஆராய்தல் தகும்.

தமிழகத்துத் திண்ணைப் பள்ளி ஓசை மிகுந்தது. பிள்ளைகள் மணலில் எழுதி, உரக்க ஓதி மனத்திற் பதித்தனர். ஆயினும் திண்ணை திறந்த இடமாதலின், எழுந்த ஓசை தெருவிற் கலந்து மறைந்தது.

1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடா வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டது. செங்கற் சூளைகளாற் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ், இரயில்வேத் தொழிலாளர் குடியிருப்பாக வளர்ந்தது. இரப்பர்த் தோட்டங்களும் பெருகின. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆனால் பல தோட்டங்களிற் பள்ளி என்பது ஒரே கூடந்தான். பல வகுப்புகளுக்கு ஓர் ஆசிரியர். ஒரு வகுப்பு வாய்பாடு ஓத, மற்றொன்று பாடம் கேட்கும். திண்ணையின் வழக்கம் கூரையின்கீழ் வந்தது. திண்ணையின் திறந்த வெளி வரவில்லை. தகரக் கூரையில் மழை விழுந்தாலோ ஆசிரியர் குரலே எழாது.

சுவர்களிடையே ஓசை என்னாகிறது என்பதை 1895-இல் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபைன் ஆராயத் தொடங்கினார். அங்கு ஒரு விரிவுரைக் கூடத்தில் எழுந்த ஓசை அடங்க ஐந்தரை விநாடி ஆயிற்று. மெத்தைகளைப் பரப்பியதும் எதிரொலி குறைந்தது. இன்று அமெரிக்க ஒலியியல் தரவிதி, சிறு வகுப்பறைக்கு 0.6 விநாடிக்கு மேல் ஒப்புவதில்லை.

தமிழாசிரியர்க்கு இதன் பொருள் யாது? உயிரொலி வலியது, நீண்டது. மெய்யொலி மெலியது, குறுகியது. முன் ஒலித்த உயிரின் எதிரொலி, பின் வரும் மெய்யை மூடிவிடும். பள்ளியும் பல்லியும், அரையும் அறையும் அங்கே ஒன்றாகிவிடும். கேட்டதைத் தேர்ந்தறியவே மாணவன் கருத்துச் செலவாகுமாயின், பொருளை எண்ணவும் நினைவில் இருத்தவும் எஞ்சுவது சிறிதே.

இருப்புப்பாதை அருகே கற்பிப்போர் அறியத்தக்க சான்று ஒன்றுண்டு. நியூயார்க்கில், மேம்பாலத்தில் தொடர்வண்டி ஓடும் பக்கத்து வகுப்பறைகளிற் பயின்ற ஆறாம் வகுப்புப் பிள்ளைகள், மறுபக்கத்தாரைவிட வாசிப்பில் ஏறக்குறைய ஓராண்டு பின்தங்கினர் என்று ஆர்லீன் பிரான்சாப்ட் 1975-இல் காட்டினார். பின்னர்ப் பாதையில் இரப்பர்த் தாங்கிகளும், வகுப்பறைகளில் ஒலி விழுங்கும் மேற்றளமும் அமைத்தபின் அவ்வேறுபாடு மறைந்ததை 1981-இல் வெளியிட்டார். குறை பிள்ளைகளிடம் இல்லை, அறையில் இருந்தது.

ஆகவே, ஒரு மாணவன் ளகரத்திற்கு லகரம் எழுதினால், அவனை மந்தன் என்னுமுன், கடைசி வரிசையில் நாம் ஒருமுறை அமர்ந்து கேட்டுப் பார்ப்போம். அவன் செவிக்கு ளகரம் சென்று சேர்ந்ததா என்பதே முதல் வினா.