மகமையும் வாணிக வளமும்: காஞ்சிப் புறநாட்டுச் சான்றுகளை முன்னிட்டு ஓர் ஆய்வு

காஞ்சி மாநகர்க்கு மேற்கே, பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டித் திருப்புட்குழி அமைந்துள்ளது. புள் என்பது பறவை. சடாயுவாகிய புள்ளரசனுக்கு இராமன் இறுதிக்கடன் ஆற்றிய இடம் இதுவெனத் தலவரலாறு கூறும். திருமங்கையாழ்வாரால் பாடப்பெற்ற இத்தலத்திலேயே இராமானுசர் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றார் என்பது குருபரம்பரை வழங்கும் செய்தி. இதனை அடுத்துள்ள ஊரின் பெயர் பாலுசெட்டிசத்திரம். செட்டி என்னும் வணிகப் பட்டமும் சத்திரம் என்னும் அறநிலையமும் ஓர் ஊர்ப்பெயரில் ஒன்றி நிற்றல் காண்க. பொருள் ஈட்டியவன் அறம் செய்தான் என்று இத்தகைய பெயர்களைப் படிப்பதா, அறம் செய்தமையால் பொருள் பெருகிற்று என்று படிப்பதா? இற்றைநாள் வாணிக நூலார் நிறுமங்களின் கொடையையும் வருவாயையும் இணைத்து எழுப்பும் வினாவும் இதுவே. தமிழகச் சான்றுகள் இதற்கு என்ன விடை தருகின்றன என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் இலக்கியக் கொள்கையை நோக்குதல் வேண்டும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்றுங்கால், அவர்தம் கொடையினும் கொள்வினை கொடுப்பினையில் அவர் காத்த நேர்மையையே விதந்து கூறுகின்றார். புறநானூற்றில் முடமோசியாரோ, மறுமைப் பயன் கருதி இம்மையில் அறம் செய்பவனை வணிகனோடு ஒப்பிட்டு, ஆய் அண்டிரன் அத்தகையன் அல்லன் என்கின்றார். ஆகவே பயன் கருதிய கொடை என்பதொன்று உண்டென்பதையும், அது வணிகர் இயல்போடு ஒத்ததென்பதையும் சங்கச் சான்றோர் நன்கு அறிந்திருந்தனர். அவர்கள் அதனைக் கொடையின் உயர்நிலையாகக் கொள்ளவில்லை என்பதே வேறுபாடு.

இனிக் கல்வெட்டும் செப்பேடும் கூறுவன காண்போம். சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள உத்தம சோழன் செப்பேடு அம்மன்னனது 16ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழக் கி. பி. 985இல், பொறிக்கப்பெற்றது. கச்சிப்பேட்டு ஊரகத்துத் திருமால் கோயிற்குரிய வருவாயைப் பற்றியது அது. கோல்நிறைகூலி, கால்அளவுகூலி என்பன அவ்வருவாயுள் அடங்கும். அஃதாவது, நிறுத்தும் அளந்தும் விற்கப்படும் சரக்கின்மீது தண்டப்பெற்ற தொகை. கூரம், அரியபெரும்பாக்கம் முதலிய புறநாட்டு ஊரார் கோயிற் பொன்னை முதலாகப் பெற்று அதற்குப் பொலிசை அளந்தனர். கோயிற் காரியம் பார்க்கும் பொறுப்பு காஞ்சியின் நான்கு சேரிகளில் வாழ்ந்த பட்டசாலியராகிய நெசவாளரிடம் ஒப்படைக்கப்பெற்றது. அவர்க்கு வரிவிலக்கு அளிக்கப்பட்டது. கணக்கை ஆண்டுதோறும் ஆராயும் கடமை நகரத்தாரைச் சார்ந்தது.

இச்செப்பேட்டினின்று மூன்று செய்திகளை யாம் பெறுகின்றோம். கொடை இலாபத்தின்மீதன்றி விற்பனை அளவின்மீது கணக்கிடப்பெற்றது. எனவே இலாபம் வருமுன்னரே அறத்தின் பங்கு பிரிந்துவிடுகிறது. அறப்பணி ஆற்றியோர்க்குப் பொருட்பயன் மறைவின்றி வரிவிலக்காகக் கிடைத்தது. கொடுத்த பொருளின் கணக்கு ஊரறியத் தணிக்கை செய்யப்பெற்றது. இம்மூன்றனுள் இறுதியதே தலையாயது என்பது எம் கருத்து. அதன் காரணம் பின்னர் விளங்கும்.

கி. பி. 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்த பிரான்மலைக் கல்வெட்டும் இம்முறையையே காட்டுகின்றது. பல திசை வணிகர் கூடித் தத்தம் சரக்குகளின்மீது பட்டணப்பகுடி என்னும் பங்கை விதித்துத் திருக்கொடுங்குன்றத்துக் கோயிலுக்கு அளித்தனர். உப்பு, நெல், பருத்தி, நூல், புடைவை எனச் சரக்குகள் நிரல்பட எழுதப்பெற்றுள்ளன. அரசன் ஆணையின்றித் தாமே தமக்கு விதித்துக்கொண்ட வரி இது.

பிற்காலத்தில் இதுவே மகமை எனப் பெயர் பெற்றது. கி. பி. 17ஆம் நூற்றாண்டில் பழனிக்கு உப்பு வாணிகம் செய்யச் சென்ற நாட்டுக்கோட்டை நகரத்தார் விற்பனையில் ஒரு பங்கை முருகனுக்கு ஒதுக்கிய வரலாற்றை அவர்தம் அறப்பட்டயங்கள் கூறுகின்றன. இதனை ஆராய்ந்த டேவிட் ரட்னர், 1987இல் வெளியிட்ட கட்டுரையிலும் 1994இல் வெளியிட்ட நூலிலும், கொடை அவர்தம் வாணிகத்தின் உறுப்பாகவே இயங்கிற்று என நிறுவினார். அயலூரில் அறிமுகமற்ற வணிகன் கோயிற்குக் கொடுப்பதால் அவ்வூரில் இடம் பெறுகின்றான். இடம் பெற்றவனுக்கு நம்பிக்கை கிடைக்கின்றது. நம்பிக்கையே கடன் வாணிகத்தின் முதல். மேலும், சரக்களவின்மீது மகமை கொடுப்போன் தன் வாணிகத்தின் பருமையையே ஊரார்க்கு அறிவித்தவனாகின்றான். மகமைக் கணக்கு அவன் நாணயத்தின் அளவுகோலும் ஆயிற்று.

நாடார் உறவின்முறையாரும் இவ்வாறே மகமை தண்டி, 1889இல் விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலையை நிறுவினர். இங்கே கொடையின் பயன் மறு தலைமுறையின் கல்வியாய் விளைந்தது. ஒரு கடையின் ஓராண்டு வரவுசெலவில் இப்பயனைத் தேடின் காணவியலாது. ஒரு சமுதாயத்தின் நூறாண்டு வரலாற்றில் தேடின் தெளிவாகத் தோன்றும்.

இற்றைநாள் ஆய்வுகள் என்ன கூறுகின்றன? பரூக் லெவ் என்பாரும் அவர்தம் துணைவரும் 1989 முதல் 2000 வரையுள்ள அமெரிக்க நிறுமங்களின் கொடையை ஆராய்ந்து 2010இல் முடிபு வெளியிட்டனர். கொடையைத் தொடர்ந்து விற்பனை வளர்தலையும், நுகர்வோரை நேரே சாரும் தொழில்களில் அது மிகுதலையும் அவர்கள் கண்டனர். விற்பனை வளர்ச்சி கொடையைப் பெருக்குகிறது என்னும் எதிர்நிலைக்குக் கிடைத்த சான்று வலிவற்றதாயிருந்தது. இம்முடிபு பழனி உப்பு வணிகர் வரலாற்றோடு ஒத்து நிற்கின்றது.

ஆயினும் இதனை எங்கும் பொருத்தலாகாது. 2013ஆம் ஆண்டு இந்திய நிறுமச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர இலாபம் 5 கோடி என்னும் வரம்புகளுள் ஒன்றையேனும் எட்டிய நிறுமம், முந்திய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காடேனும் சமுதாயப் பணிக்குச் செலவிடல் வேண்டும் என்கின்றது. இச்சட்டத்துக்கு உட்பட்ட நிறுமங்களின் பங்கு விலை சராசரியாக 4.1 விழுக்காடு வீழ்ந்தது என மஞ்சிராசு, இராசகோபால் ஆகியோர் 2017இல் எழுதினர். விளம்பரத்திற்கு மிகுதியாகச் செலவிட்ட நிறுமங்கள் அவ்வாறு வீழவில்லை என்பதும் அவர்கள் கண்டது. தானே விரும்பிக் கொடுத்தலும் ஆணையாற் கொடுத்தலும் சந்தையின் கண்ணுக்கு ஒன்றல்ல.

மகமையோ இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. தனி வணிகனுக்கு அது கட்டாயம். குழுவிற்கு அது விருப்பம். குழுவினர் யாவரும் ஒரே அளவிற் கொடுத்தமையால் கொடுத்தவன் விலைப்போட்டியில் தாழவில்லை. குழுவின் பெயர் உயர்ந்த அளவிற்கு ஒவ்வொருவன் நாணயமும் உயர்ந்தது. சரக்கின்மீது விதித்தமையால் இலாபத்தைக் குறைத்துக் காட்டிக் கொடையினின்று தப்பவும் வழியில்லை. கணக்கு ஊரறிந்தது.

ஈண்டு ஒரு தடை எழுதல் கூடும். சரக்கின்மீது விதித்த பங்கை வணிகன் விலையில் ஏற்றுவானாயின் உண்மையில் கொடுத்தவன் யார்? வாங்குவோன் கொடுக்க, வணிகன் புகழ் பெற்றான் என்றாகும். கூலியைக் குறைத்து ஈடுசெய்தானாயின் தறியிலிருப்போன் கொடுத்தான் என்றாகும். காஞ்சிப் பட்டுக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்பெயரால் விற்போர் பலர். அவருள் ஒருவர் கோயிற்கு எத்துணை அளித்தார் என்பதோடு, நெய்தவனுக்கு எத்துணை அளித்தார் என்பதையும் உடன்வைத்து நோக்கினாலன்றி அறத்தின் அளவு புலப்படாது. உத்தம சோழன் செப்பேட்டில் நெசவாளர் அறப்பொருளின் காப்பாளராய் நின்றனர் என்பதை நினைவுகூர்தல் தகும். இக்காலக் கொடைகளில் அவர்கள் பெரும்பாலும் பெறுவோராகவே எண்ணப்படுகின்றனர்.

இதுகாறும் கூறியவற்றால் கொடைக்கும் வாணிக வளத்திற்கும் தொடர்பு உண்டென்பதும், அத்தொடர்பு நம்பிக்கையின் வழியாகவே இயங்குவதென்பதும், நம்பிக்கைக்கு வித்து ஊரறிந்த கணக்கென்பதும் பெறப்படும். கணக்கு மறைந்தவிடத்துக் கொடை விளம்பரமாய்க் குறுகும். முடமோசியார் பிரித்துக் காட்டிய இருவகைக் கொடையுள் வணிகர் கொடை இரண்டாவதே எனினும், அதனால் எழுந்த சத்திரமும் பள்ளியும் வழிப்போக்கர்க்கும் சிறார்க்கும் பயன்பட்டமை மறுக்கவொண்ணாதது. காஞ்சிப் புறநாட்டு ஊர்ப்பெயர்களையும், கோயிற் கணக்கு ஓலைகளையும், நெசவாளர் குடும்பங்களில் எஞ்சியுள்ள கைச்சாத்துக்களையும் இந்நோக்கில் தொகுத்தல் இளைய ஆராய்ச்சியாளர் கடன். பாலுசெட்டிசத்திரம் போன்ற பெயர்களின் வரலாறு அத்தொகுப்பின்வழி வெளிப்படுமென யாம் எதிர்நோக்குகின்றோம்.